கர்நாடக இசையோடு முதல் ராக் ஆல்பம்: சுருதி முதல் வெளியீடு வரை முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் ராக் குழு நடத்தும் இளைஞர்களைப் பார்த்தால், குழுவில் ஒருவராவது முறையாகக் கர்நாடக இசை கற்றவராக இருப்பார். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவர் இருப்பார், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குப் போய் வந்தவர் இருப்பார், வீட்டில் சரளிவரிசை கேட்டே வளர்ந்தவர் இருப்பார். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவு செய்து கேட்டால் மிருதங்கம் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் கிதாரோடு உரசிக்கொண்டு தனியாக நிற்கிறது.

பெரும்பாலும் வேலை நடந்த வரிசைதான் காரணம். ராக் குழுக்கள் டிரம்ஸில் தொடங்கி, பேஸ், கிதார், கீபோர்டு என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் குரலையும் வயலினையும் மிருதங்கத்தையும் வைக்கின்றன. அதற்குள் சுருதியும் தாளமும் கிதாருக்கு வசதியான இடத்தில் உறைந்துவிடுகின்றன. இங்கே வரிசை வேறு. எளிதில் மாற்ற முடியாதது எதுவோ அதை முதலில் முடிவு செய்கிறோம். விட்டுக்கொடுக்கக்கூடிய கருவிகள் பிறகு வருகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு முதல் எட்டுப் பாடல்கள் போதும். ஒவ்வொன்றையும் தம்பூரா, கையில் தாளம், குரல் ஆகிய மூன்றை மட்டும் வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பாடிப் பாருங்கள். இடையில் தொய்கிற பாடல் இன்னும் பதிவுக்குத் தயாராகவில்லை. கிதாரின் ஓசை மூடிக்கொண்டிருந்த ஓட்டைகள் இந்தச் சோதனையில் வெளியே வந்துவிடும்.

கருவிகளில் எட்டு உள்ளீடு கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை முழுதாக மூடும் ஹெட்போன்கள், இரண்டு கன்டென்சர் மைக், மூன்று நான்கு டைனமிக் மைக், தரையோடு தாழ்த்தக்கூடிய மைக் ஸ்டாண்ட் ஆகியவை வேண்டும். கடைசிப் பொருளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து வாசிப்பவர்கள்.

எல்லாப் பாடல்களையும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று ஒரே அமைப்பில் பதியுங்கள். 24 பிட்டில் ஒலியளவைத் தாழ்த்திப் பதிந்தாலும் இரைச்சல் மேலே வராது. ஆகவே சராசரியை மைனஸ் 18 டெசிபல் பக்கத்திலும் உச்சத்தை மைனஸ் 6-க்குக் கீழும் வையுங்கள். மிருதங்கத்தில் திடீரென விழும் ஒரு சாப்பு அடி சிவப்பு விளக்கைத் தொட்டுவிட்டால் அந்த டேக் (ஒரு முறை வாசித்துப் பதிந்தது) போனதுதான்.

பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டியதும் உண்டு. மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, வெளியிலிருந்து வரும் கலைஞருக்குச் சன்மானம் எவ்வளவு, பெயர் எப்படி அச்சாகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆல்பம் வெளிவந்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால் நட்பு தாங்காது.

பிறர் படைப்பை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தியச் சட்டப்படி பாடலின் வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உண்டு. மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளுக்கு அந்தத் தடை இல்லை. 1964-இல் மறைந்த பாரதிதாசனின் வரிகளுக்கும் 2024-உடன் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதே வரிகளுக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. வரியை எடுங்கள், மெட்டை நீங்களே போடுங்கள்.

2. சுருதியை முடிவு செய்து, கிதாரை அதற்கு மாற்றுங்கள்

கட்டை என்பது ஷட்ஜம் நிற்கும் உயரம்; ஒரு கட்டை என்றால் C, மூன்று கட்டை என்றால் E. குழுக்கள் மூன்று கட்டையில் வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். கிதாரின் தடித்த கம்பி அங்கேதான் இருக்கிறது, அதனால் எல்லாமே அங்கே பிறக்கிறது. பாடகர் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைக்காரராக இருந்தால் மேல் பஞ்சமத்தில் கத்த வேண்டியதாகும். பாடகி ஐந்து, ஐந்தரைக் கட்டைக்காரர் என்றால் மந்திரத்தில் குரல் எழும்பாது. கத்துகிற குரலிலும் எழும்பாத குரலிலும் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நிற்காது.

எனவே பாடுபவரின் கட்டையே பாடலின் கட்டை. நாதஸ்வரம் சேருகிற பாடலுக்கு மட்டும் விலக்கு. பாரி நாதஸ்வரம் வழக்கமாக இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும், அதை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட பாடலை அந்தச் சுருதியில் பாடக்கூடியவரிடம் கொடுங்கள். மிருதங்கத்துக்கும் கட்டைக்கு ஏற்ற கருவி தேவை. எந்தப் பாடல் எந்தக் கட்டை என்ற பட்டியலைக் கலைஞருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் சரியான மிருதங்கங்களோடு வருவார்.

கிதாரை மாற்றுவது கடினமில்லை. ஒரு கட்டைப் பாடலுக்கு எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி, தடித்த ஆறாவது கம்பியை மட்டும் இரண்டு முழுச்சுரம் இறக்குங்கள். கீழ் மூன்று கம்பிகளும் ச-ப-ச என்று நிற்கும். ஒன்றரைக் கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் போதும். ஐந்து கட்டைக்கு வழக்கமான ட்யூனிங்கிலிருந்து ஆறாவது, ஐந்தாவது கம்பிகளை மட்டும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்குங்கள். கீழ் நான்கு கம்பிகள் ப-ச-ப-ச ஆகும். ஐந்தரைக்கு அதன் மேல் கேப்போ.

இறக்கிய கம்பி தொளதொளத்தால் சுருதி ஒவ்வொரு மீட்டலிலும் நழுவும். 10-ஆம் எண் கம்பிகளைக் கழற்றி 11 அல்லது 12-ஆம் எண் மாட்டுங்கள். மாட்டியபின் பிரிட்ஜில் கம்பி நீளத்தைச் சரிசெய்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டைச் சோதிக்க வேண்டும். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பதிவுக்கு முந்தைய வாரம் புதுக் கம்பி, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

3. ராகத்துக்குள் நிற்கும் கார்டுகளை மட்டும் எழுதுங்கள்

இங்கேதான் பெரும்பாலான முதல் ஆல்பங்கள் சறுக்குகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கிதாரிஸ்ட் யோசிக்காமல் வாசிக்கும் பவர் கார்டு என்பது ஒரு சுரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பது. ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. ஷட்ஜத்தின் மேல் பவர் கார்டு விழுந்த உடனே ராகம் கலைந்துவிடும், பாடகருக்கு ஏன் கலைந்தது என்று சொல்லத் தெரியாமல் முகம் மட்டும் சுருங்கும். அதே ராகத்தில் ம-ச, க-நி, த-க, நி-ம ஆகிய நான்கு பவர் கார்டுகளும் முழுக்க ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. ஷட்ஜத்தில் நிற்க வேண்டிய இடத்தில் மத்யமத்தோடு நில்லுங்கள், தம்பூராவையும் ச-ம என்று வையுங்கள். மோகனத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே ஷட்ஜத்தில் தொல்லையில்லை. காந்தாரத்தை அடியாக வைத்தால் இல்லாத நிஷாதம் நுழைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் ராகத்தின் சுரங்களை ஒரு வரியில் எழுதி, எந்தச் சுரத்தின் மேல் எது நிற்கும் என்று கீழே எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான். பத்து ஒத்திகையின் சச்சரவு மிச்சம்.

அடுத்தது காந்தாரத்தின் உயரம். தம்பூராவோடு இழைந்து பாடும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து சுமார் 386 சென்ட் உயரத்தில் நிற்கிறது. ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்பது கணக்கு. கிதாரின் நான்காம் ஃப்ரெட் 400-இல் இருக்கிறது. இந்த 14 சென்ட் வித்தியாசம் சுத்தமான கிதார் ஒலியில் தாங்கும். டிஸ்டார்ஷன் (கிதார் ஒலியை உடைத்துக் கரடுமுரடாக்கும் விளைவு) போட்டதும் அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதி, கரகரவென்று ஒரு நடுக்கம் எழும். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட், 702-க்கு 700. அதனால்தான் டிஸ்டார்ஷனில் பவர் கார்டு கம்பீரமாக இருக்கிறது. சங்கராபரணம், கல்யாணி, மோகனம் மூன்றிலும் காந்தாரத்தைக் குரலுக்கும் வயலினுக்கும் விட்டுவிடுங்கள். கிதார் அதைத் தொடும் இடங்களில் டிஸ்டார்ஷனைக் குறையுங்கள்.

கமகம் அகலமாக அசையும் சுரத்தின் மேல் கீபோர்டு நீண்ட ஒலியை வைக்கக் கூடாது. தோடியின் காந்தாரம் அசைவிலேயே வாழ்கிறது. அதன் கீழே ஆணி அடித்தாற்போல் ஒரு காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டில் ஒன்று அபஸ்வரமாகவே கேட்கும். முதல் ஆல்பத்துக்கு மோகனம், ஹிந்தோளம், ஹம்ஸத்வனி, கீரவாணி, சாருகேசி போன்றவை ஏற்றவை. தோடியை மிகவும் நேசிப்பவர்கள் அதைத் தம்பூராவும் மிருதங்கமும் மட்டும் உடனிருக்க ஒரு பாடலின் தொடக்கத்தில் ஆலாபனையாக வைக்கலாம். அதுவே போதுமான சோதனை முயற்சி.

4. தாளத்தையும் எடுப்பையும் கிளிக்கில் ஏற்றுங்கள்

மென்பொருள் தானாகத் தரும் கிளிக் (வேகம் காட்டும் தட்டல் ஒலி) நான்கு நான்காகத் தட்டும். ஆதி தாளத்துக்கு அது ஒத்துப்போகும், எட்டு எண்ணிக்கை இரண்டு கட்டங்களாக விழும். மிச்ர சாபுவுக்கு ஏழு கீழ் எட்டு என்று அமைத்து, ஒன்றாவது அடியிலும் நான்காவது அடியிலும் அழுத்தம் கொடுங்கள். தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகக் காதில் விழ வேண்டும். அழுத்தமில்லாத ஏழு தட்டல்களை வைத்து வாசித்தால் டிரம்மர் மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) எண்ணத் தொடங்கிவிடுவார். எண்ணிக்கொண்டு வாசிப்பது காதுக்குத் தெரியும்.

எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், இன்னும் முக்கியம். பாடல் சமத்திலிருந்து (தாளத்தின் முதல் அடியிலிருந்து) அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராக் பழக்கத்தில் வளர்ந்த டிரம்மர் பாட்டின் முதல் எழுத்தையே ஒன்று என்று பிடித்துக்கொள்வார். மிருதங்கக்காரர் சமத்தில் இருப்பார். பல்லவி முடியும்வரை யாருக்கும் வேறுபாடு தெரியாது. முதல் தீர்மானம் (மும்முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு) வரும்போது இருவரும் வேறு வேறு இடத்தில் வந்து விழுவார்கள். ஒத்திகையில் எல்லோரும் கையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுவதுதான் இதற்கு மருந்து. கிதாரிஸ்டும் போட வேண்டும், வெட்கப்படக் கூடாது. தாளில் ஒவ்வொரு பகுதியின் மேலும் எடுப்பைக் குறித்துவையுங்கள்.

5. கோர்வையைக் கணக்காக எழுதுங்கள்

ராக் குழுவும் மிருதங்கமும் உண்மையாகவே ஒன்றாகும் இடம் கோர்வை, அதாவது கணக்கிட்டு வந்து முடியும் சொற்கட்டு. எல்லோரும் ஒரே சொல்லை வாசித்து ஒரே புள்ளியில் இறங்கும்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதை மனதில் மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு டேக்கிலும் ஓர் அட்சரம் கூடும், குறையும்.

எளிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளம், சதுச்ர நடை (எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை), ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. முதல் பகுதி குறைந்துகொண்டே வரட்டும்: தகதகிட, தகதிமி, தகிட, தக, த. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று சேர்த்தால் 15. இரண்டாம் பகுதி ததிகிணதொம் மூன்று முறை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி). 5, 1, 5, 1, 5 என்று 17. இரண்டும் சேர்ந்து 32. சமத்தில் தொடங்கி அடுத்த சமத்தில் சரியாக வந்து விழும்.

பாடல் அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிறதென்றால் இரண்டு மாத்திரை கூடுதலாக வேண்டும். சொற்களைத் தொடவே வேண்டாம். ஒரு மாத்திரைக் கார்வைகளை இரண்டாக்குங்கள். 15-உம் 19-உம் சேர்ந்து 34. இப்போது கோர்வை எடுப்பில் போய் இறங்கும்.

டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் இதை முதலில் வாயால் கொன்னக்கோலாகச் சொல்லட்டும். வாயில் வராதது கையில் வராது. கிதார் இதே சொற்கட்டை ரிஃப்பாக வாசிக்கும்போது, ததிகிணதொம்மின் கடைசித் தொம்மில் கம்பியை உள்ளங்கையால் அடக்கச் சொல்லுங்கள். கார்வை வெறுமையாக இருந்தால்தான் கணக்கு கேட்பவருக்குப் புரியும். அந்த இடைவெளியில் கிதார் ஒலி வழிந்துகொண்டிருந்தால் மூன்று முறை என்பதே தெரியாமல் போகும்.

6. நாள் பாருங்கள்

பதிவுத் தேதியைக் குறிக்கும்முன் பஞ்சாங்கத்தைத் திறங்கள். நாதஸ்வர, தவில் கலைஞர்கள் முகூர்த்த நாளில் கிடைக்க மாட்டார்கள். மிருதங்க, வயலின் கலைஞர்களில் பலர் மார்கழியில் சென்னைக் கச்சேரிகளுக்குப் போய்விடுவார்கள். கல்யாணம் இல்லாத ஆடியில் நாதஸ்வரக்காரர் கிடைக்கக்கூடும். ஆனால் அந்த மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் ஒலிபெருக்கி இருக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடகை டிரம்ஸை நம்பிப் பதிவு வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் ஏறின. புயல் வராத ஆண்டிலும் மழைக்காலத்தில் தோல் வாத்தியம் சுருதியில் நிற்காது.

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை, முகூர்த்தமில்லாத வார நாட்கள் நம் ஊருக்கு ஏற்றவை. இன்னொரு கணக்கும் ஒத்துவருகிறது. புதுச்சேரியில் ஜூன் 21-ஐ ஒட்டி இசைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். பிப்ரவரியில் பதிந்து, ஏப்ரலில் மிக்ஸிங் முடித்தால் அதையொட்டி ஆல்பத்தை வெளியிடலாம்.

7. அறையும் மின்சாரமும்

புதுச்சேரி வெள்ளை நகரத்தின் உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர் கொண்ட அறைகள் பார்க்க அழகானவை. டிரம்ஸுக்கு ஆகாதவை. கை தட்டிப் பாருங்கள், ஒலி சுவர்களுக்கு இடையே படபடவென்று திரும்பி வந்தால் மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். புத்தக அலமாரியும் பஞ்சு மெத்தையும் இருக்கும் சாதாரணப் படுக்கையறை மேல். கலைஞருக்குப் பின்புறச் சுவரில் மெத்தையைச் சாய்த்துவையுங்கள். உயர்ந்த அறையை நாதஸ்வரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முற்றம் வைத்த பழைய தமிழ் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது.

கிதாரில் இரைச்சல் வந்தால் முதலில் மின்விசிறி ரெகுலேட்டரையும் மங்கலாக்கும் விளக்கையும் அணையுங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிரித்து பேட்டரியில் ஓட்டுங்கள். பிறகும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தால் வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரிடம் காட்ட வேண்டும். எர்த் முனையை வெட்டிவிட்டு வாசிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஏசி ஓடும்போது பதிவு கூடாது. ஆனால் பதிவுக்கு முன் அறையைக் குளிர்வித்து, மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் அங்கேயே வையுங்கள். ஈரக்காற்றில் தளர்ந்த தோல் ஏசியில் உலர்ந்து இறுகும், சுருதி ஏறும். அது நிலைபெற்ற பிறகு சேர்த்தால்தான் நிற்கும்.

8. வழிகாட்டித் தடம்

உண்மையான பதிவுக்கு முன், ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு முழு வழிகாட்டித் தடம் போடுங்கள். அதில் தம்பூரா, கிளிக், பாடகரின் குரல், மிருதங்கக் கலைஞரின் கொன்னக்கோல் ஆகியவை இருக்கட்டும். கிதார் வேண்டுமென்றால் ச-ப மட்டும் (ஹிந்தோளத்தில் ச-ம) மெதுவாக வாசிக்கலாம், பாடுபவருக்கு வேகம் கிடைக்கும். இந்தத் தடத்தைக் கேட்டே எல்லோரும் வாசிக்கப் போகிறார்கள். தம்பூராச் செயலியின் சுருதியும் கிதார் ட்யூனரும் ஒரே அளவில், அதாவது 440 ஹெர்ட்ஸில், இருக்கின்றனவா என்று இப்போதே ஒத்துப் பாருங்கள்.

9. பதிவு செய்யும் வரிசை

*டிரம்ஸ்.* ஹெட்போனில் கொன்னக்கோலைத் தூக்கிவையுங்கள், கிளிக்கைத் தாழ்த்துங்கள். மிருதங்கம் பேசப்போகும் இடங்களில் டிரம்மர் ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் இரட்டைத் தட்டை) விட்டுவிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் நிரப்பினால் இருவர் வாசிப்புமே கேட்காது.

*மிருதங்கம்.* வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) ஒரு மைக், இரண்டும் ஏறக்குறைய ஒரு அடி தள்ளி. பதிந்ததும் ஒரு மைக்கின் துருவத்தை மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பியின் கும்கி (தோலைத் தேய்த்து எழுப்பும் தாழ்ந்த நாதம்) தடிமனாகக் கேட்கிறதோ அதுவே சரி. தொப்பியில் தடவிய ரவை காய்ந்துகொண்டே வரும், நாதமும் அதோடு மாறும். ஆகவே ஒரு பாடலின் எல்லா டேக்குகளையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பாதிப் பாடலை இன்றும் மீதியை நாளையும் வாசித்தால் ஒட்டு தெரியும். கலைஞர் கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கும் நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள். அதற்காக நேரத்தைக் கணக்கில் வைத்தே அழைத்திருக்க வேண்டும்.

*பேஸ்.* தொப்பியைக் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் இருப்பிடம் ஒன்றுதான். கும்கி இழையும் இடத்தில் பேஸ் அசையாமல் நிற்கட்டும்.

*குரல்.* இந்த இடத்தில் குரல் வருவதைப் பார்த்துக் கிதாரிஸ்டுகள் முறைப்பார்கள். ஆனால் கிதார் ஏறிய பிறகு பாடினால் பாடகர் அறியாமலே ஃப்ரெட்டின் காந்தாரத்துக்குப் போய்விடுவார். தம்பூராவோடு பாடினால் தன் காந்தாரத்தில் நிற்பார். வரி வரியாக வெட்டிப் பதியாதீர்கள். ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒரு வடிவம்) எங்கே முடிந்ததோ அங்கிருந்துதான் அடுத்தது பிறக்கிறது, மூச்சும் அப்படியே. முழுப் பாடலாக மூன்று நான்கு முறை பாடவைத்து, சிறந்த ஒன்றை முதுகெலும்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

*வயலின்.* கலைஞர் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி வாசிப்பார். மைக் மேலிருந்து கீழ்நோக்கி, ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். கச்சேரியில் வயலின் பாடகரை நிழல்போலச் சற்றே பின்னால் தொடரும். மேடையில் அது அழகு. பதிவில் அடுக்கிக் கேட்டால் இரண்டு பேர் சேர்ந்து பாடத் தெரியாமல் பாடுவது போலிருக்கும். ஒன்று, சுரம் எழுதிவைத்துக் குரலோடு அட்சர சுத்தமாக வாசிக்க வேண்டும். இல்லையென்றால் குரல் ஓய்ந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

*நாதஸ்வரம்.* அணைசுக்கு (விரிந்த வாய்ப்பகுதிக்கு) நேராக மைக் வைக்காதீர்கள். ஐந்து ஆறு அடி தள்ளி, சற்று பக்கவாட்டில். சீவாளி (ஊதும் நாணல் நாக்கு) பதப்படும்வரை காத்திருங்கள்.

*கிதார், கீபோர்டு.* ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் செய்யுங்கள். மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் பாதியே போதும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரு முறை வாசித்துப் பதிந்தால் தடிமன் தானாக வரும். கீபோர்டு கடைசி, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் மைக் நின்ற இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். திருத்தப் பதிவுக்கு வரும்போது அதே ஒலி கிடைக்க வேறு வழியில்லை.

10. திருத்தும்போது தொடக் கூடாதவை

தானியங்கிச் சுருதித் திருத்தியைக் குரலில் போடாதீர்கள். அது கமகத்தைத் தவறு என்று எண்ணிச் சுரத்துக்குச் சுரம் படிக்கட்டாக்கிவிடும். நீண்டு நிற்கும் ஷட்ஜமோ பஞ்சமமோ நழுவியிருந்தால் அந்த ஒரு சுரத்தை மட்டும் கையால் சரிசெய்யலாம்.

மிருதங்கத்தையும் மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் இழுக்காதீர்கள். சொற்கட்டின் உயிர் அந்த மயிரிழை முன்பின்னில் இருக்கிறது. சமத்தில் டிரம்ஸும் மிருதங்கமும் பிரிந்து கேட்டால் டிரம்ஸ் அடியை நகர்த்துங்கள்.

11. மிக்ஸிங்

குரல், மிருதங்கம், பேஸ் மூன்றையும் மட்டும் திறந்து சமப்படுத்துங்கள். அது தனியே நின்று பாட்டாகக் கேட்க வேண்டும். பிறகு டிரம்ஸ், வயலின், கடைசியில் கிதார். கிதாரிலிருந்து தொடங்கினால் மற்ற அனைத்தும் அதோடு சண்டைபோட்டு ஏறும்.

கமகத்தின் நுணுக்கமும் சொல்லின் மெய்யெழுத்தும் ஏறக்குறைய 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் வாழ்கின்றன, டிஸ்டார்ஷன் கிதாரும் அங்கேதான் குடியிருக்கிறது. குரல் ஒலிக்கும் பகுதிகளில் கிதாரை அங்கே இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். கிக் டிரம்முக்கும் தொப்பிக்கும் இதே பங்கீடு தேவை. எந்தப் பாடலில் யார் அடித்தளம் என்று முடிவு செய்து, மற்றவரின் அடிப்பகுதியை வெட்டுங்கள்.

தம்பூரா பாடல் முழுக்க ஓடினால் காது அதை மறந்துவிடும், ஆனால் அது மற்றவற்றை மறைத்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்திலும் கிதார் ஓயும் இடங்களிலும் மட்டும் தம்பூராவை உயர்த்துங்கள். மிருதங்கத்துக்குக் கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போடுவதானால் அது பிடிக்கும் நேரத்தைத் தாமதமாக வையுங்கள். இல்லையென்றால் விரல் படும் அந்த முதல் நொடி நசுங்கிப்போகும்.

கைப்பேசி ஸ்பீக்கரில் தொப்பி காணாமல் போவது இயல்பு. அந்தத் தடத்தில் சிறிது சாச்சுரேஷன் (மெல்லிய டிஸ்டார்ஷன்) சேர்த்தால் அதன் மேல் அதிர்வுகள் வெளியே வந்து, சிறிய ஸ்பீக்கரிலும் அது இருப்பது தெரியும்.

12. பாடல் வரிசையும் மாஸ்டரிங்கும்

கச்சேரி மரபு இங்கே நல்ல வழிகாட்டி. ஒரே சாயல் ராகங்கள் இரண்டு, ஒரே தாளம் இரண்டு அடுத்தடுத்து வரக் கூடாது. விறுவிறுப்பான ஒன்றில் தொடங்கி, கனமான பாடலை நடுவைக் கடந்து வைத்து, இலகுவான ஒன்றில் முடியுங்கள். ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக்குத் தாவும் இடத்தில் நான்கைந்து நொடி மௌனம் விடுங்கள். பழைய சுருதி காதைவிட்டுப் போக வேண்டும்.

மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகுக்கு) அனுப்பும் கோப்பில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும், கடைசித் தடத்தில் லிமிட்டர் (உச்சத்தை வெட்டி அடக்கும் கருவி) வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளம் ஒலியளவைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. அதைவிட மிகவும் உரக்கச் செய்து அனுப்பினால் தளமே குறைத்துவிடும், மிருதங்கத்தின் ஏற்ற இறக்கத்தை வீணாக இழந்திருப்பீர்கள். இறுதி உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

13. வெளியீடும் காப்பும்

விநியோகத் தளத்தில் வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டுவது) வேண்டும். பல விநியோகத் தளங்கள் அதைத் தாங்களே வழங்குகின்றன. பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒவ்வொரு பக்கவாத்தியக் கலைஞர் பெயரும் எல்லாப் பாடல்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினால் தளம் அவரை வேறு ஆளாகப் பதிந்துகொள்ளும்.

எல்லாத் தடங்களையும் தனித்தனிக் கோப்புகளாக, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே பாடல், கட்டை, தாளம், வேகம் நான்கும் இருக்க வேண்டும். பழைய மென்பொருள் திறக்காமல் போகும் நாளில் அந்தப் பெயரை வைத்துத்தான் பாடலை மறுபடி கட்ட முடியும். பங்கேற்ற ஒவ்வொரு கலைஞருக்கும் இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு முன்தினமே அனுப்பிவிடுங்கள், சன்மானத்தில் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து.